குளியலறைக் கல்வெட்டு

கையை உள்ள எடுத்துக்கோங்க. ஏனுங்க, உங்களைத்தான். ஜன்னலுக்கு வெளியில முழங்கையை நீட்டிட்டு உக்காந்திருக்கறீங்களே, எதிர்ல ஒரு லாரி ஒரசிட்டுப் போனா என்ன பண்ணுவீங்க? கோவிச்சுக்காதீங்க. எங்க போனாலும் இப்பிடிச் சொல்றது என்ற பழக்கமாப் போச்சு. சித்த தள்ளி உக்காருங்க, இந்தப் பையை மடியில வெச்சுக்கறேன். உள்ள முக்கியமான பேப்பர் இருக்குது.

என்ற பேரு சென்னியப்பனுங்க. பல்லடத்துக்குப் பக்கத்துல ஒரு பவுண்டரி, அதுல மேனேஜர். போன வாரந்தான் ஆர்டர் குடுத்தாங்க. அதுக்கு முன்ன ஒம்போது வருசம் சேப்டி ஆபீசர், அதுக்கு முன்ன ஸ்டோர் கீப்பர், மொத்தம் முப்பத்தோரு வருசம் ஒரே எடம். கோயமுத்தூர்ல மூணு மணிக்கு ஒரு விசாரணை, மேனேஜர் நேர்ல வரணும்னு ஓலை வந்திருக்குது. மேனேஜருக்குக் காரு குடுக்கலையான்னு நெனைப்பீங்க. காரு சர்வீசுக்குப் போயிருக்குதாம். நாம எதுக்குங்க அதையெல்லாம் பெருசு பண்ணிக்கிட்டு.

விசாரணை எதுக்குன்னு கேட்டீங்கன்னா, ஒரு பொம்பளை பொய் சொல்ல மாட்டேன்னுட்டா, அதுக்குத்தான். சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். கோயமுத்தூரு போய்ச் சேர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும், மொதல்ல இருந்து சொல்றேன் கேளுங்க.

பவுண்டரின்னா இரும்பை உருக்கி அச்சுல வாக்கறது. நான் உள்ள நொழைஞ்ச காலத்துல அங்க சேப்டின்னா ஒண்ணே ஒண்ணுதானுங்க, கெடா. ஆயுத பூஜைக்கு மறுநா உலைக்கு முன்னால ஒரு கருப்புக் கெடாயை வெட்டுவாங்க. பெரிய முதலாளி, இப்ப இருக்கறவரோட அப்பா, அவரே அருவாளைத் தொட்டுக் கும்பிட்டுக் குடுப்பார். அந்த வருசம் ஆருக்காச்சும் கையோ காலோ போச்சுன்னா பூசாரியைக் கூப்புட்டுத் திட்டுவார். தண்ணி தெளிச்சு, கெடா ஒடம்பைச் சிலுப்பறதுக்கு முன்னாலயே அவசரப்பட்டு வெட்டிட்டயேடா, அதான் இப்பிடி ஆச்சும்பார். இப்பவும் அதே மாதிரி ஒக்காந்து விபத்துக்குக் காரணம் கண்டுபுடிக்கறோம், அதுக்குன்னு ஒரு பாரம் இருக்குது, பதினாலு பக்கம். அப்ப பூசாரியோட முடிஞ்சுரும்.

ஆளுக வெறுங்காலோடதான் நிப்பாங்க. சூடு தாங்கலைன்னா நனைச்ச சாக்கைக் காலுல சுத்திக்குவாங்க. இரும்புக் கொழம்பு தெறிச்சுச்சுன்னா சுண்ணாம்புத் தெளிவுல தேங்காயெண்ணெய்யைக் கொழப்பித் தடவிட்டு, ரெண்டு நா லீவு. மூணாவது நா வந்து நிக்காட்டி வேற ஆளு. வருசத்துக்கு ஒருக்கா இன்ஸ்பெக்டரு வருவார், வர்றதுக்கு ரெண்டு நா முன்னாலயே சேதி வந்துரும். சுவத்துக்கு வெள்ளையடிச்சு, வாளியில மணல் ரொப்பி, அதுக்குச் செவப்புப் பெயிண்டும் அடிச்சு வெப்போம். அவர் போனதும் அந்த மணலை எடுத்து அச்சுக்குப் போட்டுக்குவோம்.

அப்பறம் பெரியவர் போயிட்டார், சின்னவர் வந்தார். வெளிநாட்டுக்குச் சரக்கு போக ஆரம்பிச்சுச்சு. அந்த நாட்டுக்காரங்க மொதத்தடவை பாக்க வந்தப்ப, உலைக்கு முன்னால கெடா ரத்தம் காஞ்சு கெடந்துதுங்க. அதப் பாத்துட்டு ஒரு அம்மா மயங்கி விழாத கொறைதான். அன்னையோட கெடா நின்னுச்சு. கெடாவுக்குப் பதிலா என்னையப் போட்டாங்க.

ரெண்டு நா பயிற்சி, ஒரு சர்ட்டிபிகேட்டு, ஒரு பச்சைக் கோட்டு. நான் வந்த பொறவு பவுண்டரி எப்பிடி மாறுச்சுன்னு நீங்க வந்து பாக்கோணும். ஆளுக்கு ஒரு ஹெல்மெட். ஆளுக்கு ஒரு சோடி இரும்புமூக்கு ஷூ. அந்த ஷூவெல்லாம் இன்னைக்கும் கடையில வாங்குன மேனிக்குப் புத்தம் புதுசா இருக்குதுங்க. ஏன்னா பீரோவுல வெச்சுப் பூட்டி, வெளிநாட்டுக்காரங்க வர்ற அன்னைக்கு மட்டுந்தான் வெளிய எடுப்பேன். போட்டுட்டு வேலை செஞ்சா அழுக்காயிருமில்லீங்க? ஹெல்மெட்டை மட்டும் மொதல்ல ஆளுக கையிலயே குடுத்திருந்தேன். ஒருத்தன் அதுல கத்திரிக்காயும் தக்காளியும் வாங்கிட்டுச் சைக்கிள்ல போறதை என்ற கண்ணாலயே பாத்தேன், அன்னைக்கே எல்லாத்தையும் வாங்கி உள்ள வெச்சுட்டேன்.

கேட்டுக்குப் பக்கத்துல ஒரு போர்டு. ‘விபத்தில்லா நாட்கள்’னு எழுதி, கீழ ஆணியில நம்பரு மாட்டற மாதிரி. தெனமும் காலையில எட்டு மணிக்கு நானே ஏணி போட்டு ஏறி நம்பரை மாத்துவேன். மாத்தறப்ப எதுத்த டீக்கடைக்காரங்கூட நின்னு பாப்பான். நூறு, எரநூறு, ஐநூறுன்னு போயிட்டே இருந்துச்சு. ஆயிரமாவது நா வெளிநாட்டுக்காரங்களே வந்து கேடயம் குடுக்கறதாச் சொல்லிட்டாங்க. அடிபடறதே இல்லையான்னு கேப்பீங்க. அடிபடாம எப்பிடிங்க, இரும்பு வேலையாச்சே. வெரலு நசுங்குனா வீட்டுல அம்மிக்கல்லு விழுந்துச்சுன்னு எழுதுவோம். காலு வெந்துச்சுன்னா சொந்தக்காரங்க கல்யாணத்துல சாம்பாரு கொட்டிருச்சு. ஒரே வருசத்துல ஏழு பேரு மேல சாம்பாரு கொட்டுச்சு. ஆருக்கும் நட்டமில்லை, சம்பளத்தோட லீவு குடுத்துருவோம்.

இதுல இன்னொரு புதுமை கொண்டாந்தாங்க, சீட்டு. அதாவது விபத்து நடக்கறதுக்கு முன்னாலயே, இந்த எடத்துல நடந்தாலும் நடக்கும்னு தொழிலாளியே ஒரு சீட்டுல எழுதிப் பெட்டியில போடோணும். மாசத்துக்கு முப்பது சீட்டு வந்தாகணும்னு கணக்கு. நல்ல சீட்டுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு. நம்ம பசங்க நல்லாத்தான் எழுதுவாங்க. ‘சுவிட்ச் போர்டு மேலே பல்லி ஓடியது.’ ‘கேண்டீன் வடையில் எண்ணெய் அதிகம், தரையில் சொட்டி வழுக்கப் பார்த்தேன்.’ அழகா தேதி போட்டு பைல் பண்ணிருவேன். வெளிநாட்டுக்காரங்க பைலைத் தூக்கிப் பாத்து, இத்தனை சீட்டா, பாதுகாப்பு உணர்வு இங்கதான் இருக்குதுன்னு சொல்லிட்டுப் போவாங்க.

இதுல ஒருத்தன் மட்டும் வேற மாதிரி. திருமூர்த்தின்னு பேரு, உலை மேடையில வேலை. மேடை பன்னண்டு அடி ஒசரம். கரியும் பழைய இரும்பும் ட்ராலியில மேல வரும், மேல நிக்கறவன் அதை உலை வாயில கொட்டோணும். மேடையைச் சுத்தி இடுப்பளவுக்குக் கைப்பிடிக் கம்பி இருந்துச்சு. பிப்ரவரியில ஒரு புது மிஷினை மேல ஏத்தறதுக்காக வடக்குப் பக்கத்துக் கம்பியை அறுத்தோம். மிஷின் ஏறிருச்சு. கம்பி ஏறலை. கம்பியை வெல்டிங் பண்ணோணும்னா உலையை ஒரு நா அணைக்கோணும். உலையை அணைச்சா சரக்கு கப்பலுக்கு எப்பிடிங்க போகும்?

மார்ச்சுல திருமூர்த்தி சீட்டு எழுதுனான். ‘உலை மேடையில் வடக்குப் பக்கம் கம்பி இல்லை. ஆள் விழ வாய்ப்பு உள்ளது.’ கூப்புட்டு வெச்சு நல்லவிதமாச் சொன்னேன். “அப்பா, சீட்டுன்னா நடந்த சம்பவத்தை எழுதோணும். கம்பி இல்லைங்கறது சம்பவமா? நீ விழப் பாத்தயா?” இல்லீங்க சார்னான். அப்ப செல்லாதுன்னு திருப்பிக் குடுத்துட்டேன். ஏப்ரல்ல மறுக்கா அதையே எழுதறான். ஒரே விசயத்தை ரெண்டு தடவை எழுதக்கூடாது, அது விதிமுறை. மே மாசம் எழுதறான், ‘நேற்று விழப் பார்த்தேன்’னு. அடப் பாவி, இதை பைல்ல வெச்சா மேடையையே நிறுத்தச் சொல்லிருவாங்களே. அவனுக்கு ஒரு டம்ளரைக் குடுத்து, இனிமேட்டு எழுதாத சாமின்னு தோள்ல தட்டி அனுப்பிச்சேன். டம்ளரை வாங்கிட்டு என்னையே ஒரு பார்வை பாத்துட்டுப் போனான். நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க.

ஜூன் பதினாலு, சனிக்கெழமை, மத்தியானம் ரெண்டே கால். போர்டுல தொள்ளாயிரத்து எம்பத்தி மூணு. விழுந்துட்டான்.

ஓடுனேங்க. எல்லாரும் சுத்தி நிக்கறாங்க, அவன் மண்ணுல கெடந்து மொனகறான், ஒரு காலு கோணலாத் திரும்பியிருக்குது. பதறிப் போச்சு எனக்கு. ஆனா பதட்டத்துலயும் புத்தி வேலை செஞ்சுது பாருங்க. மொதல் வேலையா ஒரு ஹெல்மெட்டை எடுத்தாந்து அவன் தலையில மாட்டுனேன். பீரோவைத் தொறந்து ஷூவை எடுத்தேன், ஒரு காலுக்குப் போட்டேன், இன்னொரு காலுக்குப் போட முடியலை, கத்தறான். ஆம்புலன்சு வேண்டாம்னுட்டேன். ஆம்புலன்சு வந்தா கேட்டுல நோட்டுல ஏறும், நாலு பேரு பாப்பான். சின்னவரோட காரு பின்சீட்டுல படுக்க வெச்சு ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டு போனோம். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனா எங்க எப்பிடி அடிபட்டுச்சுன்னு கேள்வி வருமில்லீங்க. வழியில அவன் என்ற கையைப் புடிச்சுட்டு, “நாலாவது சீட்டு எழுதோணுங்களா சார்”ங்கறான். வலியில என்னமோ பெனாத்தறான்னு நெனைச்சுட்டேன்.

நர்சிங் ஹோம்ல பாரத்துல, காரணம்னு ஒரு கட்டம். ‘வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’னு எழுதுனேன். கூட்டி வந்தவர்ங்கற எடத்துல ‘சென்னியப்பன், சேப்டி ஆபீசர்’னு கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன். எதுலயும் பதவியை எழுதறது நம்ம பழக்கம். இடுப்பெலும்பு ரெண்டு எடத்துல முறிவு. ஊசி போட்டுத் தூங்க வெச்சிருந்தாங்க. அவன் கையெழுத்தையும் வாங்கிட்டேன், சித்த கோணலா வந்துச்சு.

மூணாவது நா அவன் சம்சாரம் துளசிமணிகிட்டப் போனேன். தறி ஓட்டற பொம்பளை, காரணம்பேட்டைக்கு உள்ள தள்ளி வீடு. அவ கையெழுத்தும் இருந்தா கெட்டியா இருக்கும் பாருங்க. “அம்மிணி, இதுல ஒரு கையெழுத்துப் போடு”ன்னேன். எழுத்துக் கூட்டி முழுசாப் படிச்சா.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார்னு போட்டிருக்குதுங்களே சார்.”

“ஆமா.”

“எங்கூட்டுல பாத்ரூமே இல்லீங்களே.”

இந்தக் காலத்துல பாத்ரூம் இல்லாத வீடு இருக்கும்னு நான் கண்டனா? அப்ப எங்கம்மா குளிக்கறீங்கன்னு கேட்டேன். பின்னால தென்னந்தடுக்கு கட்டி ஒரு கல்லு போட்டிருக்குதுங்கன்னா. “சரி, கல்லுல வழுக்குனார்னு போட்டுக்கலாம்.”

“கல்லு தரையோட தரையா இருக்குதுங்க சார். அதுல வழுக்குனா இடுப்பு ரெண்டு எடத்துல ஒடையுங்களா?” அப்பறம் சொல்றா, “இனிமே அவரு பாரந்தூக்கற வேலைக்கே ஆக மாட்டார்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. மேடையில இருந்து விழுந்தார்னு எழுதுனா ஈ.எஸ்.ஐ.ல மாசாமாசம் பென்சன் உண்டு. வீட்டுல விழுந்தார்னு எழுதுனா ஒண்ணும் கெடையாது. என்ற தறிக் கூலியில சோறு திங்கலாங்க, மருந்து வாங்க முடியாது. நான் எப்பிடிங்க பொய்க்குக் கையெழுத்துப் போடறது?”

கெஞ்சுனேன். கொஞ்ச நஞ்சமில்லை. ஆயிரமாவது நாளைக்கு இன்னும் பதினாலே நாதான் அம்மிணின்னேன். வாட்ச்மேன் வேலை வாங்கித் தர்றேன்னேன். என்ற பேரப்பிள்ளை மேல சத்தியம் பண்ணுனேன். “எனக்குப் பொய் சொல்ல வராதுங்க சார், சொன்னாலும் அடுத்த நாளே மறந்துபோய் உள்ளதைச் சொல்லிப் போடுவேன்”னு எந்திரிச்சுப் போயிட்டா. அத்தனை அழுத்தம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுக்குச் சோறு போடறவளும் ஒத்துக்கோணுமில்லீங்க.

சின்னவர்கிட்ட வந்து சொன்னேன், தம்பி, அவங்கூட்டுல பாத்ரூம் இல்லையாம்னு. அவர் லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்கலை. “இல்லைன்னா கட்டிருங்கண்ணா”ன்னார்.

படிச்ச படிப்புன்னா அதுதானுங்க. பாத்ரூம்ல விழுந்தார்னு எழுதியாச்சு, பாத்ரூம் இல்லை, அப்ப எது தப்பு? பாத்ரூம் இல்லாததுதான் தப்பு. அன்னைக்குச் சாயந்தரமே கொத்தனார் போயிட்டார். ஒம்போதே நா. எங்க பவுண்டரியில ஒரு ட்யூப்லைட்டு மாத்தோணும்னா மூணு பேரு கையெழுத்தும் ஆறு வாரமும் ஆகும், இது ஒம்போது நாள்ல கூரை வரைக்கும் முடிஞ்சுது. வழுக்காத டைல்ஸ். இடுப்பு அடிபட்டவனாச்சேன்னு ஒக்கார்ற டாய்லெட். ரெண்டு பக்கமும் பிடிச்சுக்க எவர்சில்வர் கம்பி, நம்ம பவுண்டரி வெல்டரை வெச்சே பண்ணுனது, யானையைக் கட்டுனாலும் ஆடாது. கதவுக்கு மேல ‘அவசர வழி’ன்னு பச்சை ஸ்டிக்கர்கூட ஒட்டுனேன். இருக்கறது ஒரே கதவுதான், இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க.

இத்தனை நல்ல காரியம் பண்ணிட்டு ஊருக்குத் தெரியாம இருந்தா எப்பிடி? சின்னவர் கமுக்கமா முடிச்சுருங்கன்னுதான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேக்கலை. நம்ம பக்கம் ஒரு தெருக்குழாய் போட்டாலே கல்வெட்டு வெக்காம தண்ணி தொறக்க மாட்டாங்க. நானே நின்னு வாசகம் எழுதி, கருப்புக் கிரானைட்டுல வெட்டச் சொல்லி, பாத்ரூம் சுவத்துல பதிச்சேன். ஜூன் இருவத்தி ஆறு, வியாழக்கெழமை, நல்ல நேரம் பாத்துத் தொறப்பு விழா. சின்னவர் ரிப்பன் வெட்டுனார். போட்டோ எடுத்து வெளிநாட்டுக்கும் அனுப்பிச்சோம்.

துளசிமணிகிட்ட மைக்கைக் குடுத்து, ரெண்டு வார்த்தை பேசும்மான்னேன். அவ உள்ள போயி அந்தக் கம்பியைப் புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்துட்டு வந்தா. “கம்பி கெட்டியா இருக்குதுங்க. இதை அங்க வெச்சிருந்தா இங்க வெச்சிருக்க வேண்டியதில்லீங்க”ன்னா. அவ்வளவுதான் பேச்சு. நான்தான் சட்டுன்னு கைதட்டுனேன், அப்பறம் எல்லாரும் தட்டுனாங்க. எனக்கு இன்னும் புரியலைங்க. மேடைக் கம்பி உற்பத்திச் செலவு, பாத்ரூம் கம்பி சமூக சேவைச் செலவு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? படிக்காத பொம்பளை, விட்டுருவோம்.

ஜூலை ஒண்ணாந்தேதி ஆயிரம் நம்பரை மாட்டுனேன். கண்ணுல தண்ணியே வந்துருச்சு. கேடயத்தை என்ற கையில குடுத்துப் போட்டோ எடுத்தாங்க.

அந்தச் சந்தோசம் மூணு வாரங்கூட நிக்கலை. துளசிமணி பென்சன் கேட்டு மனு போட்டிருக்கறா. விசாரிக்க ஈ.எஸ்.ஐ. ஆபீசுல இருந்து ஒரு மேடம் வந்தாங்க, சின்ன வயசு, கண்ணாடி போட்டு, அதிகமாப் பேச மாட்டாங்க. பவுண்டரியில விழுந்தார்னு மனு, பாத்ரூம்ல விழுந்தார்னு உங்க ரிப்போர்ட்டு, எது நெசம்னாங்க. நான் அசரலை. “அதுக்கென்னங்க மேடம், வாங்க, பாத்ரூமையே காட்டறேன்”னு என்ற வண்டியிலயே முன்னால போயி வழி காட்டுனேன்.

திருமூர்த்தி வாசல்ல கட்டில்ல படுத்திருந்தான், என்னையப் பாத்ததும் மொகத்தைத் திருப்பிக்கிட்டான். பாத்ரூமைக் காட்டுனேன். டைல்ஸைக் காட்டுனேன். மேடம் சுவத்தைப் பாத்து, இது என்ன கல்வெட்டுன்னாங்க. கேட்டா சும்மா இருக்க முடியுமா, நான் எழுதுன வாசகமாச்சே. நின்னு கணீர்னு படிச்சேன். ‘இதுநாள்வரை குளியலறையே இல்லாது அல்லலுற்ற தொழிலாளர் திரு. திருமூர்த்தி குடும்பத்தாருக்காக எமது நிறுவனத்தால் புதிதாகக் கட்டப்பட்ட இக்குளியலறை 26.6.2025 அன்று திறந்து வைக்கப்பட்டது.’

மேடம் நோட்டுல எழுதுனாங்க. எழுதிட்டு, “அவர் பாத்ரூம்ல விழுந்தது என்னைக்குன்னு சொன்னீங்க?”

“ஜூன் பதினாலுங்க மேடம்.”

சொல்லி முடிக்கறப்பத்தான் கல்வெட்டுல இருக்கறது இருவத்தி ஆறுன்னு எனக்கே ஒறைச்சுது. தவளை தன் வாயாலதான் கெடும்பாங்க. துளசிமணி பக்கத்துலதான் நிக்கறா. மேடத்துக்கு ஒரு சொம்பு மோரு கொண்டாந்து குடுத்துட்டு, எனக்கும் ஒரு சொம்பு குடுத்தா.

அப்பறமென்ன, பென்சன் கெடைக்கற மாதிரி ஆயிருச்சு. கம்பெனி மேல கேசு. போர்டுல ஸைபர் மாட்டச் சொன்னாங்க, நான்தான் ஏறி மாட்டுனேன். ஆயிரத்தி இருவத்தி அஞ்சைக் கழட்டித் துண்டுல சுத்தி பீரோவுல வெச்சுட்டேனுங்க. தப்பெல்லாம் ஆரு மேல, சொல்லுங்க? ஒரே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா ஒண்ணு, இன்னைக்கு மறுபடியும் அறுவது நா ஆச்சு. பசங்களும் இப்பல்லாம் சீட்டே எழுதறதில்லை. ரெண்டு மாசமாப் பெட்டி காலி. அவ்வளவு பாதுகாப்பா ஆயிருச்சு எடம். மேடைக்கா? மேடைக்குக் கம்பி இன்னும் வல்லை. மஞ்ச ரிப்பன் கட்டியிருக்குது.

சின்னவர் என்னைய வேலையை விட்டு அனுப்பிருவார்னுதான் எல்லாரும் சொன்னாங்க. என்ன பண்ணுனார் தெரியுங்களா? போன வாரம் ரூமுக்குக் கூப்புட்டார். கதவைச் சாத்திட்டு, அவர் கையாலயே காப்பி ஊத்திக் குடுத்தார். “சென்னியப்பண்ணா, இத்தனை வருசம் ஒழைச்சிருக்கறீங்க, உங்களை மேனேஜராப் போடறேன்”னார். ரிட்டயர் ஆக ஏழு மாசம் இருக்கறப்ப ஆருக்குங்க இப்பிடிக் கெடைக்கும்? அதுவும் எப்பிடி, முன்தேதியிட்டு, ஜூன் ஒண்ணுல இருந்தே மேனேஜர்னு. வாங்கிக்கிட்டேன்னு நானும் ஜூன் ஒண்ணு தேதி போட்டே கையெழுத்துப் போட்டேன். என்ற சம்சாரம் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி குடுத்தா.

இங்கிலீசுல இருக்குது, பாருங்க, இதுதான் ஆர்டரு. இது விசாரணை ஓலை. நீங்க படிச்சவராட்ட இருக்கறீங்க, சித்த படிச்சு அர்த்தம் சொல்லுங்க. நான் அவசரத்துல மேலோட்டமாத்தான் பாத்தேன்.

ஏனுங்க, ரெண்டு தாளையும் பக்கத்துல வெச்சு மாறி மாறிப் பாக்கறீங்க? தேதி ஜூன் ஒண்ணுதான். ஆமா, என்ற கையெழுத்துத்தான். அவன் விழுந்தது பதினாலு. கேசு ஆரு பேர்ல போட்டிருக்குதுன்னா... கம்பெனி பேர்லதானுங்களே இருக்கும். மேனேஜர் பேர்லயா? பாதுகாப்புக்கு மேனேஜர் பொறுப்புன்னு சட்டத்துல இருக்குதா. ரெண்டு வருசம் வரைக்கும் செயிலா.

அன்னைக்கு நான் மேனேஜர் இல்லீங்களே.

இல்லீங்க, இருங்க. காப்பி ஊத்திக் குடுத்தாருங்க. சின்ன வயசுல தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன் நான். தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய் குடுங்க.

பயமா இருக்குதுங்க. அம்பத்தேழு வயசு. இந்த வயசுல நான் செயிலுக்குப் போனா என்ற பேரப்பிள்ளைக்கு என்னன்னு சொல்றது? அவர்கிட்டயே கேக்கறதா? கேட்டா, ஆர்டர் உங்க கையிலதானே இருக்குதுண்ணாம்பார். பவுண்டரியில நூத்தி நாப்பது பேரு இருக்கறாங்க, ஜூன் மாசம் நான் வெறும் போர்டுல நம்பர் மாத்தற ஆளுன்னு அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தன் வாயைத் தொறக்க மாட்டான். வாயைத் தொறக்கக்கூடாதுன்னு பழக்குனவனே நான்தானுங்களே.

நர்சிங் ஹோம் பாரம் ஒண்ணு இருக்குதுங்க. ஜூன் பதினாலாந்தேதி போட்டு, சேப்டி ஆபீசர்னு நான் கையெழுத்துப் போட்டது. அதோட நகல் துளசிமணிகிட்ட இருக்குது, மனுவுக்குன்னு நர்சிங் ஹோம்ல வாங்குனது. அவ அதை எடுத்துட்டு வந்து, அன்னைக்கு இந்தாளு மேனேஜர் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

அவ எதுக்குச் சொல்லுவான்னா கேக்கறீங்க? நெசந்தான். அவ புருசன் மூணு சீட்டு எழுதுனான், நான் டம்ளரைக் குடுத்தேன். அவ கதவைச் சாத்துனாலும் கேக்க எனக்கு வாயில்லை. வந்தா சீட்டையும் சேத்துத்தான் சொல்லுவா, ஷூ மாட்டுனதையும் சொல்லுவா. சொல்லட்டும். ஆனா மேனேஜர் இல்லைங்கறதையும் சொல்லுவா. கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லுவாங்க அவ.

கண்டக்டர், சூலூர்ல ஒரு ஆள் எறங்கோணும். மணி இப்ப பதினொண்ணுதானே, காரணம்பேட்டைக்குத் திரும்பிப் போனா மத்தியானத்துக்குள்ள அவளைக் கூட்டிட்டு வந்துரலாம். வழி விடுங்க. அவ பொய் சொல்ல மாட்டாளுங்க. நான் எத்தனை கெஞ்சிப் பாத்திருக்கறேன்.